சுவரை ஒட்டி நின்று வரைந்தவர்

பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி யாரிடமாவது பேச்செடுத்தால், "ஓ, அந்தக் கண் தெரியாத ஓவியரா?" என்றுதான் திரும்பக் கேட்கிறார்கள். சத்யஜித் ரே அவரைப் பற்றி 1972ல் எடுத்த ஆவணப்படம் அப்படிப் பதிந்துவிட்டது. படம் அருமையான படம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் மனதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முதியவர் தங்கிவிடுகிறார், ஓவியம் தங்குவதில்லை. அவருடைய ஆகப்பெரிய வேலை, பார்வை போவதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே, வங்காளத்தில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனில், இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் ஏறி முடிந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் வரையப்பட்ட சுவரோவியங்களில் அதற்கு மேலே வைக்க எனக்கு இன்னொன்று தெரியாது.

ஆகவே அந்தச் சுவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். வாழ்க்கைக் கதை அதற்குத் துணையாக வரட்டும்.

1904 பிப்ரவரி 7ஆம் தேதி, கல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே கண் கோளாறு. ஒரு கண்ணில் பார்வையே கிடையாது, இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. சாதாரணப் பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. 1917ல் சாந்திநிகேதனில் தாகூர் நடத்திய பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1919ல் அங்கே கலைப் பள்ளியாகக் கலா பவனம் தொடங்கியபோது அதன் ஆரம்பகால மாணவர்களில் ஒருவரானார். ஆசிரியர், ஓவியர் நந்தலால் போஸ்.

நந்தலாலுக்கு இந்தப் பையனைப் பற்றிக் கவலை இருந்தது. கண்ணே சரியில்லாதவன் ஓவியம் படித்து என்ன செய்யப் போகிறான்? தாகூரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். தாகூர் கேட்டது, பையன் ஒழுங்காக உட்கார்ந்து மனம் வைத்து வேலை செய்கிறானா என்பதைத்தான். செய்கிறான் என்றால் விட்டுவிடுங்கள், அவனவன் வழியை அவனவன் கண்டுபிடித்துக்கொள்வான், எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்ற அர்த்தத்தில் பதில் வந்ததாம். பினோத் பிஹாரியே பிற்பாடு தன் 'சித்ரகர்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு கல்வி நிலையம் ஒரு மாணவனுக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். தேர்வு வைக்கவில்லை, மருத்துவச் சான்று கேட்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டார்கள். 1925ல் அவர் அங்கேயே ஆசிரியரானார்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் பார்த்தது பீர்பூம் மாவட்டத்து நிலம். செம்மண் மேட்டை மழைத்தண்ணீர் அரித்து அரித்துப் பள்ளமும் முகடுமாக ஆக்கிய வறண்ட பூமி. அங்கே இதைக் 'கோயாய்' என்கிறார்கள். நம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு கொஞ்சம் பிடிபடும். சால மரங்கள், சந்தால் பழங்குடிக் கிராமங்கள், எங்கோ ஒரு தனிப் பனைமரம். அந்தக் காலத்து வங்காள ஓவியர்கள் புராணத்திலும் சரித்திரத்திலும் கதை தேடிக்கொண்டிருந்தபோது இவர் இந்த நிலத்தை விட்டு நகரவில்லை. வெட்டவெளிக் கோயாயும் அதில் ஒற்றையாக நிற்கும் பனையும்தான் தான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆள் பேச்சு குறைவு, படிப்பு அதிகம்.

1937 வாக்கில் ஜப்பான் போனார். பழைய ஜப்பானிய ஓவியர்களான சோதாத்சுவின் மடிப்புத் திரைகளையும், தோபா சோஜோவின் பேரில் வழங்கும் பழைய சுருள் ஓவியங்களையும் பார்த்தார். சுருள் என்பது அவருக்கு ஏற்கெனவே பிடித்த வடிவம். அது ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம். சுருள் ஓவியத்தை மொத்தமாக விரித்துவைத்துப் பார்ப்பதில்லை. இடது கையால் விரித்து வலது கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த நேரத்திலும் கண் முன்னால் இருப்பது ஒரு கை அகலம்தான். எட்ட நின்று முழுதாகப் பார்க்கவே முடியாத ஒருவருக்கு, யாருமே முழுதாகப் பார்க்காத ஒரு ஓவிய முறை.

பெரிய சுவரில் வேலை செய்கிற எவரும் அடிக்கடி பின்னால் நகர்ந்து வந்து பார்ப்பார்கள். உருவம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இந்தப் பக்கம் கனம் கூடிவிட்டதா என்று தூரத்திலிருந்துதான் தெரியும். பினோத் பிஹாரி பின்னால் நகர்ந்தால் சுவர் அவருக்கு மங்கிவிடும். அவருக்குத் தெரிவது முகத்துக்கு நேரே உள்ள கொஞ்ச இடம் மட்டும். மீதியெல்லாம் மனக்கணக்கு. இதைக் குறை என்று எடுத்துக்கொண்டு, குறையை வென்றார் என்று எழுதுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பார்வையிலிருந்தேதான் அவர் ஒரு கட்டுமான முறையைக் கண்டுபிடித்தார். ஒரு மையம், அதைச் சுற்றி மற்றவை என்று அடுக்குவதை விட்டுவிட்டார். நடந்துகொண்டே பார்ப்பது போல, ஒன்றன் கையிலிருந்து இன்னொன்று பிடித்துக்கொண்டு போகிற மாதிரி வரைந்தார்.

1940ல் கலா பவன விடுதியின் கூரையில் இதை முதலில் பெரிய அளவில் செய்தார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி நான்கு திசையிலும் பீர்பூம் கிராமம் விரிகிறது: மரங்கள், மாடுகள், வயல், வீடுகள், வேலை செய்கிற ஆண்களும் பெண்களும். கூரை என்பதால் மேல், கீழ் என்ற கணக்கே இல்லை. எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாலும் ஒரு பக்கத்து மரங்கள் நிமிர்ந்து நிற்கும், எதிர்ப்பக்கத்து மரங்கள் தலைகீழாகத் தெரியும். குளத்தைச் சுற்றி வருகிறவனுக்கு ஊர் எப்படித் தெரியுமோ அப்படி. அந்த ஆண்டு அங்கே மாணவராக வந்து சேர்ந்த சத்யஜித் ரே, விடுதிக்குள் நுழைந்ததும் அண்ணாந்து இதைப் பார்த்து அசந்துபோனதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சாமி இல்லை, அரசன் இல்லை, கதை இல்லை, வெறும் கிராமம். வங்காளக் கிராமத்தைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டப்போகிற ஒருவர் பத்தொன்பது வயதில் அந்தக் கூரைக்குக் கீழே வந்து நின்றிருக்கிறார் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1942ல், சீன மொழிப் படிப்புக்கான சீன பவனத்தில் சாந்திநிகேதன் வளாகத்து அன்றாட வாழ்க்கையை வரைந்தார். அதே கட்டடத்தில் அதே ஆண்டு நந்தலாலும் தாகூரின் 'நடீர் பூஜா' நாடகத்தைச் சுவரில் வரைந்தார். குருவும் சிஷ்யரும் ஒரே கட்டடத்தில். சிஷ்யர் அதற்குள் குருவின் பாணியை விட்டு வெகுதூரம் போயிருந்தார் என்பது இரண்டையும் பார்த்தால் தெரியும்.

சரி, இந்தி படிப்புக்கான இந்தி பவனத்துக்கு வருவோம்.

1946ல் தொடங்கி 1947ல் முடித்த வேலை. பொருள், இடைக்காலத்து பக்தி அடியார்கள். சாந்திநிகேதனில் அப்போது இதைப் பற்றிய படிப்பு ஆழமாக நடந்துகொண்டிருந்தது. க்ஷிதிமோகன் சென் பல வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றி, சாதுக்களின் வாய்மொழியாகப் பாடல்களைச் சேகரித்தவர். இந்தி பவனத்தின் தலைவர் ஹஜாரி பிரசாத் துவிவேதி கபீரைப் பற்றி எழுதிய பெரும் அறிஞர். பினோத் பிஹாரி இந்தப் பேச்சுக்களுக்கு நடுவில் வாழ்ந்தவர். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் என்று சுவரில் வருகிறார்கள்.

ராமானுஜரை அங்கே பார்ப்பது தமிழ் ஆளுக்கு ஒரு சந்தோஷம். மறைக்க வேண்டியதில்லை. பக்தி திராவிட நாட்டில் பிறந்தது, ராமானந்தர் அதை வடக்கே கொண்டுவந்தார், கபீர் எங்கும் பரப்பினார் என்று வட இந்தியாவில் ஒரு பழைய ஈரடி இன்றும் வழங்குகிறது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று, ரகசியமாகக் கிடைத்த மந்திரத்தை ஊருக்கே சொன்னவர் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட ராமானுஜர், காசி நெசவாளி கபீரோடு ஒரே சுவரில் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

எப்படி வரைந்தார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது ஈரச் சுவரில் வரையும் முறை. சுண்ணாம்பை நீற்றி, தண்ணீரில் நாள்பட ஊறவைத்து, மணலோடு கலந்து சாந்தாக்குவார்கள். அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் கொத்தனார் கரணையால் பூசித் தருவார். வெறும் தண்ணீரில் அரைத்த நிறத்தை அந்த ஈரத்தின் மேல் வைக்க வேண்டும். பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காய்கிறபோது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாக இறுகும். நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இப்படி வரைந்தவை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன. அதே காரணத்தால் அழித்துத் திருத்துவதும் முடியாது. தப்பினால் சாந்தையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குகிற நிறங்களும் கொஞ்சம்தான். காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி என்று பெரும்பாலும் மண்ணிலிருந்து வருபவை. இந்தி பவனச் சுவரில் அந்த மண் நிறங்கள்தான் நிறைந்திருக்கின்றன.

இப்படிப்பட்ட வேலைக்கு ஓவியர்கள் வழக்கமாக முழு அளவில் ஒரு மாதிரிப்படம் வரைந்து வைத்துக்கொள்வார்கள். அதை ஈரச் சாந்தின் மேல் வைத்துக் கோடுகளை மாற்றிக்கொண்டு, பிறகு நிறம் தீட்டுவார்கள். பினோத் பிஹாரி அப்படிச் செய்யவில்லை. சிறிய வரைவுகள் இருந்தன. மற்றபடி சாரத்தின் மேல் ஏறி, சுவரோடு சுவராக முகத்தை வைத்துக்கொண்டு, நேரடியாக வரைந்தார். ஒரு கண்ணில், அதுவும் கிட்டப்பார்வையில், மூன்று சுவருக்கு, திருத்த முடியாத முறையில்.

அந்த மண்டபத்தில் நான் நின்றபோது முதலில் கவனித்தது உயரத்தைத்தான். ஓவியம் சுவரின் மேல் பாதியில் இருக்கிறது. கதவுகளும் அலமாரிகளும் கீழே. அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டியிருக்கிறது. நடக்க நடக்கத்தான் பிடிபடுகிறது. அடியார்கள் நெடுநெடுவென்று நீண்ட உருவங்கள், பக்கத்தில் இருப்பவர்களை விட உயரமானவர்கள். ஆனால் ஒருவரும் தனியாக இல்லை. சுற்றிலும் ஜனம். மூட்டை சுமக்கிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறவர்கள். ஒரு தோளின் வளைவு முடிகிற இடத்தில் இன்னொரு முதுகு தொடங்குகிறது. ஒரு துணி மடிப்பு நேராக இறங்கி ஒரு வீட்டுச் சுவராகிவிடுகிறது. அடியார் எங்கே முடிகிறார், கூட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. பக்தி இயக்கத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது எப்படிப் பரவியிருக்கும் என்பது இங்கே நின்றபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆளிலிருந்து ஆளுக்கு, பக்கத்தில் நிற்பவருக்கு.

சூர்தாஸ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மரபு அவரைக் கண் தெரியாதவர் என்கிறது. பாதிப் பார்வையோடு ஒருவர் சாரத்தில் நின்று அவரை வரைந்திருக்கிறார். இதற்கு மேல் அர்த்தம் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ஓவியமும் ஏற்றவில்லை. மற்ற அடியார்களுக்குக் கிடைத்த இடம்தான் சூர்தாசுக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் கலவரம், ஆயிரக்கணக்கில் சாவு. அக்டோபரில் நவகாளி. அடுத்த ஆகஸ்டில் வங்காளமே இரண்டாகிறது. கல்கத்தாவிலிருந்து சாந்திநிகேதன் சுமார் 160 கிலோமீட்டர்தான். அந்த மாதங்களில் ஒரு மனிதர், இந்துவும் முஸ்லிமும் தம்முடையவர் என்று சொந்தம் கொண்டாடிய கபீரைச் சுவரில் நிறுத்துகிறார். ரத்தம் வரையவில்லை, முழக்கம் எழுதவில்லை. 1943 வங்காளப் பஞ்சத்தை நேரடியாக வரைந்த சித்தப்ரசாத், ஜைனுல் ஆபேதீன் போன்ற ஓவியர்கள் மேல் எனக்கு அளவு கடந்த மதிப்பு உண்டு. இவர் செய்தது வேறு வகை. இந்த நாட்டில் மக்கள் இப்படியும் சேர்ந்து இருந்திருக்கிறார்கள் என்று, அழிக்க முடியாத சாந்தில் எழுதிவைத்தார். அதையும் ஓர் அரசியல் செயலாகத்தான் பார்க்கிறேன்.

இந்த வேலையில் கூட நின்ற மாணவர்களில் ஒருவர் கே.ஜி.சுப்ரமணியன். 1924ல் கேரளத்துக் கூத்துப்பறம்பில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது அரசுக் கல்லூரிகளில் இடமில்லை என்றாகிவிட்டது. 1944ல் சாந்திநிகேதன் வந்தார். 1963ல் லக்னோவின் ரவீந்திராலயா அரங்கில் சுடுமண் கட்டிகளால் அவர் செய்த நெடிய சுவர்ச் சிற்பத்தின் முன்னால் நின்றால் இந்தி பவனத்தின் நடை தெரியும். துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டே போவது, ஆனால் எங்கும் அறுந்துபோகாமல். தன் ஆசிரியர் வங்காளத்தில் எழுதிய 'சித்ரகர்' நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அதற்குப் பின் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். 1949ல் காத்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகப் பொறுப்பு. பிறகு ராஜஸ்தானின் வனஸ்தலி, மசூரி, பாட்னா. மசூரியில் மனைவி லீலாவோடு சேர்ந்து ஒரு கலைப் பயிற்சிப் பள்ளி நடத்திப் பார்த்தார். லீலாவும் சாந்திநிகேதன் மாணவி, இந்தி பவனச் சுவரில் வேலை செய்தவர், பிற்பாடு மரச் சிற்பங்களுக்காக அறியப்பட்டவர். 1956-57 வாக்கில் டெல்லியில் கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை. அது சரியாக அமையவில்லை. இருந்த பார்வையும் போயிற்று. வயது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

1958ல் சாந்திநிகேதன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, கலை வரலாறு கற்பிக்க. இதையும் நான் தாகூரின் அந்தப் பழைய பதிலோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். பார்வையில்லாத ஒருவர் வகுப்பில் நின்று அஜந்தாவையும் சீன நிலக்காட்சிகளையும் நினைவிலிருந்து விளக்குகிறார். அந்த நிறுவனம் அதில் விநோதம் எதையும் காணவில்லை.

வேலையும் நிற்கவில்லை. பேனாவால் கோட்டுச் சித்திரங்கள், மெழுகில் சிறு உருவங்கள், கல்லச்சு, அப்புறம் வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிய படங்கள். காகிதப் படங்களைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சு ஓவியர் மத்தீஸை இழுக்காதவர்கள் குறைவு. அவரும் கடைசிக் காலத்தில் நோயால் தூரிகையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தவர் என்பதால். ஒப்பீடு பாதி தூரம்தான் போகும். மத்தீஸ் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினார். பினோத் பிஹாரிக்கு விரல்தான் விளிம்பைச் சொன்னது. இன்ன நிறம் இன்ன இடம் என்பது மனதில் இருந்தது. ஒரு படத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் முழங்கால் மடிப்பை ஒரே வெட்டில் கொண்டுவந்திருப்பார். அந்த மடிப்பின் கோணம் இந்தி பவனக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுடையது. பார்வை போனதற்கு முன், பின் என்று அவருடைய வாழ்க்கையை இரண்டாகக் கிழிக்கிறவர்கள் அந்த முழங்காலைப் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்துச் சரிசெய்கிற பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்வதும், மீதியை மனதில் வைத்திருப்பதும் நாற்பது வருடப் பழக்கம். இழப்பு பெரிய இழப்புதான், சந்தேகமில்லை. ஆனால் வேலை செய்யும் விதம் அவருக்குப் புதிதாக இல்லை.

1972ல் கலா பவனத்தில் மறுபடி ஒரு சுவர் கிடைத்தது. பீங்கான் ஓடுகளில் உருவங்கள். காகிதத்தை மடித்தும் தடவியும் உருவத்தை முடிவு செய்வார், உதவியாளர்கள் அதை ஓட்டுக்குக் கொண்டுபோவார்கள். ரேயின் படம் இந்த வேலை நடக்கும்போது எடுக்கப்பட்டது. பார்வையின்மை ஒரு புதிய உணர்வு, ஒரு புதிய அனுபவம், இருத்தலின் ஒரு புதிய நிலை என்ற பினோத் பிஹாரியின் வார்த்தைகள் அந்தப் படத்தில் வருகின்றன. சோகம் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

1974ல் பத்ம விபூஷண். 1977ல் சாந்திநிகேதனின் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகம் தரும் தேசிகோத்தமா விருது. 1980 நவம்பர் 11ல் டெல்லியில் காலமானார். பெரிய நினைவுக் கண்காட்சி ஒன்று 2006ல்தான் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நடந்தது. ஓவியர் குலாம் முகமது ஷேக்கும் கலை வரலாற்றாசிரியர் ஆர்.சிவகுமாரும் ஒருங்கிணைத்தார்கள்.

இவ்வளவு பெரியவரை ஏன் பொதுவாக நமக்குத் தெரியவில்லை? என் பதில் எளிமையானது. சுவரை ஏலத்தில் விற்க முடியாது. தைல ஓவியம் ஊர் ஊராகப் போகும், கோடிகளில் விலைபோகும், அந்த விலை செய்தியாகும், செய்தி பெயராகும். இந்தி பவனச் சுவர் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் சாந்திநிகேதனை ஒட்டிய போல்பூருக்கு ரயிலேற வேண்டும். வங்காளத்தின் மழையும் புழுக்கமும் சுண்ணாம்புப் பூச்சுக்கு நல்லதில்லை என்பதால் பராமரிப்பு ஒரு தீராத வேலை. 2023ல் சாந்திநிகேதனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கவனத்தில் கொஞ்சமாவது கூரைகளுக்கும் சுவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சிறிய இருகண் தொலைநோக்கி கையில் இருந்தால் நல்லது, மேல் பாதியில் இருக்கிற முகங்கள் அப்போதுதான் தெளிவாகக் கிடைக்கும். அவசரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வராதீர்கள்.

பினோத் பிஹாரி - லீலா தம்பதியின் ஒரே மகள் மிருணாளினி. 1949ல் பிறந்தவர், பரோடாவில் கே.ஜி.சுப்ரமணியனிடமே சுவரோவியம் படித்தவர். ஆனால் சுவரை விட்டுவிட்டுச் சணலை எடுத்துக்கொண்டார். முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலே எழுகிற சிற்பங்கள் செய்தார். 2015ல் போய்விட்டார். அவருடைய வேலைகளைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.